புலிக்குத்தியாரின் இடது கை

கருமத்தம்பட்டி மெயின் ரோட்டை விட்டுத் தெற்கே திரும்பி, தறிச் சத்தம் எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கமாக நடந்தால் ஆறுச்சாமியின் ஊர் வரும். அந்த ஊரில் அவர் சொன்ன சொல்லை மாற்றி யாரும் பார்த்ததில்லை. இதைப் பெருமை என்று சொல்பவர்களும் உண்டு, வீம்பு என்று சொல்பவர்களும் உண்டு. அவர் மனைவி குழந்தையம்மாளிடம் கேட்டால் காப்பிக் கதையைச் சொல்லுவார். கல்யாணமான புதிதில் டீக்கடைக்காரனோடு ஏதோ வாய்த் தகராறு. "இனிமேப் பட்டு காப்பியே குடிக்கறதில்ல" என்று ஆறுச்சாமி சொல்லிவிட்டார். அந்தக் கடைக்காரன் கடையை மூடி, ஊரை விட்டுப் போய், செத்தும் போய்விட்டான். இவர் இன்னும் காப்பி குடிப்பதில்லை.

அவருடைய அப்பா மானாவாரிக் காட்டில் கடலையும் சோளமும் போட்டவர். கிணறு வற்றியபோது ஆறுச்சாமி மாடுகளை விற்றுத் தறி வாங்கினார். அன்றிலிருந்து விசைத்தறியின் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தார். அதனால் எதைச் சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார். வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். மனிதர் நல்லவர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். இந்தக் கதையே அந்தப் பிடியைப் பற்றியதுதான்.

ஊரின் கிழக்கே ஒரு வேம்பு, அதன் அடியில் ஓடு வேய்ந்த சின்ன அறை, அதற்கு ஓர் இரும்புக் கதவு. உள்ளே மார்பளவு உயரத்தில் ஒரு கல். அவர்தான் புலிக்குத்தியார். கல்லில் ஒரு மனிதன் நிற்கிறான். எதிரே ஒரு புலி பின்னங்கால்களில் எழுந்து அவன் மேல் பாய்கிறது. மனிதனின் வலது கை ஈட்டியைப் புலியின் வயிற்றில் இறக்குகிறது. இடது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிடும். மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டி உயிரை விட்டவர் என்று மட்டும் ஊருக்குத் தெரியும். பெயர் தெரியாது, காலம் தெரியாது. இன்றைக்கு அந்த ஊரில் புலி என்றால் தீப்பெட்டியில் இருக்கும் படம்தான்.

வருஷா வருஷம் பட்டிப் பொங்கலுக்குக் கல்லுக்கு எண்ணெய் சாத்தி, சுண்ணாம்பு அடித்து, குங்குமம் வைப்பார்கள். எத்தனை தலைமுறையாக என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மற்ற நாட்களில் பூசாரி கண்ணையா விளக்கு வைத்துவிட்டுப் போவார். பெண்கள் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று கும்பிடுவார்கள்.

மழை தொடர்ந்து பொய்த்து, நூல் விலை ஏறி, பாதித் தறிகள் நின்றுபோன சமயம் அது. தாராபுரம் பக்கத்திலிருந்து அருள்வாக்குச் சொல்லும் ஓர் அம்மாளைக் கூட்டி வந்தார்கள். கல்லைப் பார்த்த உடனே அவர் சொன்னார்: "உங்க சாமி பின்னப்பட்டுப் போச்சு. கையில்லாத சாமி உங்களுக்கு எதக் குடுக்கும்?" பின்னமான சிலையை வைத்துக் கும்பிடக் கூடாது, அதை நீரில் விட்டுவிட்டுப் புதுச்சிலை வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். இத்தனை நாள் நமக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று ஊர் நெஞ்சில் அடித்துக்கொண்டது.

ஊர்க்கூட்டத்தில் ஆறுச்சாமி எழுந்து நின்றார். "திருமுருகன்பூண்டில சிற்பிகிட்டச் சொல்லிப் புதுச்சாமி நான் செஞ்சு வெக்கறனுங்க. கார்த்திகைக்குள்ள பழைய கல்லு கோயில் கெணத்துக்குப் போயிரும். இது என்ற வாக்கு" என்றார். வாக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை.

பேச்சு இருக்கிறது என்று நினைத்தது ஒரே ஓர் ஆள். ஆறுச்சாமியின் தம்பி மகள் மோகனப்பிரியா. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்தவள், பெரியப்பாவின் தறிக் கொட்டகைக்கு மேல்மாடியிலேயே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். கீழே தறி ஓட ஓட மேலே மேசை நடுங்கும். பஞ்சுத் தூசி உள்ளே வராமலிருக்க எந்நேரமும் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டிருப்பாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கால் கழுவி, பயபக்தியோடுதான் உள்ளே போக வேண்டும். 'புலிக்குத்தியார் கோயில்ல கூட இத்தன ஆசாரம் இல்ல' என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அவள் பெரியப்பாவிடம் வந்தாள். "ஏனுங் பெரியப்பா, ரொம்பப் பழைய காலத்துக் கல்லுங்க அது. புதுசும் இருக்கட்டும், பழசும் ஒரு ஓரத்துல இருக்கட்டுமுங்க."

"பின்னமான சாமி ஊருக்கு ஆகாது அம்மணி. பெரியவங்க செஞ்சு வெச்ச வழக்கம். நீ போயி உன்ற டிவிப் பொட்டியப் பாரு."

அவள் போய் அந்தப் பெட்டியைத்தான் பார்த்தாள். அழுது அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை. இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, கிராப் தாளில் கல்லைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு வந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு விளையாட்டுச் செய்தாள். தறி ஷிப்ட் முடிந்து டைப் பழக வருகிறவர்கள் ஆடட்டும், கல் கிணற்றுக்குள் போய்விட்டாலும் ஆட்டத்திலாவது இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். அந்த விளையாட்டுக்குப் 'பட்டி' என்று பெயர் வைத்தாள்.

அந்த வெயிலில் ஆறுச்சாமி மேலே ஏறிப் போனது குளுகுளு காற்றுக்காகத்தான். அதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. போன இடத்தில் தறிக்காரப் பையன்கள் திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். திரையின் ஒரு கோடியில் புலி, மறு கோடியில் மாட்டுப் பட்டி, நடுவில் மேய்ந்துகொண்டிருக்கிற மாடுகள். எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவை. புலிக்கும் மாட்டுக்கும் குறுக்கே ஈட்டியும் கையுமாக ஓர் ஆள். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தெரியாதா? தினமும் கும்பிடுகிற சாமி.

"இவுரு பொழைச்சா ஜெயிச்ச மாதிரியா?" என்று கேட்டார்.

"இல்லீங் பெரியப்பா. இவரு பொழைக்கறதுக்கில்லீங்க. மாடெல்லாம் பட்டிக்குள்ள போய்ச் சேந்துட்டா ஜெயிச்சாச்சு. அதுவரைக்கும் புலிய நிறுத்தி வெக்கோணுங்க."

ஆறுச்சாமி உட்கார்ந்தார், ஆடினார், தோற்றார். ஈட்டி குத்துப்பட்ட புலி அவரைத் தாண்டிப் போய் மாடுகளின் மேல் பாய்ந்தது. மறுபடி ஆடினார். மறுபடி பாய்ந்தது. மறுநாளும் வந்தார். இதற்குள் ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் வந்து ஆடித் தோற்றிருந்தார்கள். கோயில் கமிட்டியில் மூத்தவரான சுப்பண்ணன், நாள் முழுக்க ஆடிப் பார்த்துவிட்டு, "இது ஏமாத்து வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மறுபடியும் வந்தார்.

"நீ புலிக்கு ரொம்பப் பலம் குடுத்துப்போட்டே அம்மணி" என்று ஆறுச்சாமி குறைப்பட்டுக்கொண்டார்.

"புலிக்குப் பலம் இல்லாமயாங்க அவருக்குக் கல்லு நட்டாங்க?" என்றாள் மோகனப்பிரியா. "ஈட்டி குத்துனதும் புலி உடனே சாகாதுங்க. சாகற வரைக்கும் அதப் புடிச்சு நிறுத்தோணும். அதுக்கு இன்னொரு கை வேணுமுங்க. இவருக்குத்தான் இல்லையே. நான் கல்லுல இருக்கறபடி வரைஞ்சிருக்கறேன்."

"அவுரு சண்டை போட்டப்ப ரண்டு கையும் இருந்துச்சு. கல்லு பொறவு ஒடஞ்சுது."

"சரிங்க. அப்ப அந்தக் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சுங்க? அது தெரிஞ்சா நான் வரைஞ்சு போட்டுருவனுங்க."

ஆறுச்சாமி எழுந்துகொண்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் பதில் இல்லாமல் படியிறங்கியது அதுதான் முதல் தடவை.

கண்ணையாவைக் கேட்டார். "வெளக்கு வெக்கறனுங்க, தெனமும் பாக்கறனுங்க. கை அப்படித்தான் நிக்குதுங்க" என்றார் கண்ணையா. டீக்கடையில் கேட்டார். கேடயம் பிடித்திருந்தார் என்றான் ஒருவன். தீவட்டி என்றான் இன்னொருவன். ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார் என்றான் மூன்றாமவன். புலி பாயும்போது யாருக்கடா ஆசீர்வாதம் என்று ஆறுச்சாமி அவனைத் திட்டிவிட்டு வந்தார். வரும் வழியில் அவருக்கே ஒன்று உறைத்தது. நினைவு தெரிந்த நாளாக அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம், கும்பிட்டிருக்கிறோம், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

கார்த்திகை வந்தது. பழைய கல்லிலிருந்து சாமியின் சக்தியைக் கும்பத் தண்ணீருக்கு மாற்றும் பாலாலயம் முடிந்தது. கும்பம் வேம்படிப் பந்தலில் இருந்தது. இனி அந்தக் கல் வெறும் கல்தான், யார் வேண்டுமானாலும் தொடலாம். வெள்ளிக்கிழமை அதைக் கிணற்றில் இறக்குவது என்று பேச்சு.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆறுச்சாமி சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் மூங்கில் சிம்பும் எடுத்துக்கொண்டு போனார். "இத்தன நாள் நம்மளக் காத்த கல்லு, அழுக்கோட அனுப்பப்படாது" என்று குழந்தையம்மாளிடம் சொன்னார். அது உண்மைதான். கை உடைந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதும் உண்மை.

தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தார். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. மேலே வெள்ளை, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்பு. ஒவ்வொரு அடுக்கும் ஒரு பொங்கல். இது நான் அடித்தது, இது அப்பா அடித்தது, இது யார் என்றே தெரியாதவர்கள் அடித்தது என்று நினைத்தபோது அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அடுக்குகளுக்குள்ளிருந்து ஒரு மனிதன் வெளியே வந்தான். கொண்டை போட்டிருந்தான். காதில் வளையம், இடுப்பில் குறுவாள். கால் விரல்களில் நகம்கூட இருந்தது. இத்தனை நாள் கும்பிட்டது இவரைத்தானா? உதடுகள் இறுகியிருந்தன. அந்த முகத்தில் பயமும் இருந்தது. சாமிக்குப் பயம் இருக்கும் என்று ஆறுச்சாமி நினைத்ததே இல்லை.

பிறகு இடது கைக்கு வந்தார். உடைந்த கல் சொரசொரவென்று இருக்க வேண்டும். அங்கே சொரசொரப்பே இல்லை. கை முடியவும் இல்லை. சுண்ணாம்புக்குள் புகுந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் மூங்கில் சிம்பால் நோண்ட நோண்ட அது நீண்டது, புலியின் முகம் வரைக்கும் நீண்டது. இதுவரை புலி வாயை மூடியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூடியிருந்தது சுண்ணாம்பு. கட்டி கட்டியாக அது உதிர்ந்ததும் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் தெரிந்தன. நடுவில் ஒரு குழி. கை அதற்குள் போயிருந்தது.

ஆறுச்சாமி தன் விரல்களைக் குழிக்குள் விட்டார். இருட்டுக்குள் அவர் விரலில் தட்டுப்பட்டது இன்னொருவருடைய விரல்.

விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. கட்டை விரல் மடங்கியிருந்தது. வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாத இடத்தில், பெயர் தெரியாத ஒரு சிற்பி உட்கார்ந்து, அந்தக் கையை முழுசாகச் செதுக்கி வைத்திருந்தான். ஆறுச்சாமி கையை வெளியே எடுக்கவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. கும்பத்துக்கு விளக்கு வைக்க வந்த கண்ணையா பார்த்தபோது, பெரிய மனிதர் புலி வாயில் கையை வைத்துக்கொண்டு தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"கை இருக்குது கண்ணையா. ஒடையவே இல்ல. நாளைக்கு இத நான் கெணத்துல போட இருந்தேன்."

கண்ணையாவும் கையை விட்டுப் பார்த்தார். சட்டென்று வெளியே எடுத்து, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்.

ஆறுச்சாமி ஆள் அனுப்பி மோகனப்பிரியாவை வரவழைத்தார். அவள் வழக்கம்போல இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாள். "உள்ள வா கண்ணு. இப்ப ஆரு தொட்டாலும் தப்பில்ல" என்றார். அவள் விரல்கள் மெலிந்தவை. பெரியப்பாவுக்கு எட்டாத ஆழம் வரைக்கும் போயின. கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "புலி கடிச்சதில்லீங் பெரியப்பா. இவராத்தான் கைய உட்டிருக்காரு. அது நாக்கப் புடிச்சிட்டு இருக்காருங்க."

அங்கே நின்ற மூன்று பேருக்கும் அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிட்டது. மாடுகள் பட்டிக்குப் போய்ச் சேரும்வரை புலியை நகரவிடாமல் பிடிக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது. கை போகும், கையோடு தானும் போவோம் என்று தெரிந்தே நீட்டியிருக்கிறார்.

"அந்தக் கைய வரைஞ்சு போடு அம்மணி" என்று சொல்லிவிட்டு ஆறுச்சாமி ஊர்க்கூட்டத்துக்குச் சொல்லியனுப்பினார்.

சாயங்காலம் வேம்படியில் ஊர் கூடியது. ஆறுச்சாமி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்காத குரலில் பேசினார். கல் பின்னமாகவில்லை, கை முழுசாக இருக்கிறது, கிணற்றில் போடக் கூடாது என்றார்.

சுப்பண்ணன் எழுந்தார். "ஏனுங்க ஆறுச்சாமி, வாக்கு மாறற ஆளா நீங்க?"

"ஆமாங் சுப்பண்ணா. மாறிட்டேன். தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

இந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்தது என்று குழந்தையம்மாளுக்கு மட்டும் தெரியும். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சிலர் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பழகிய கண்ணுக்கு அங்கே புலி வாயோடு அறுந்துபோன கைதான் தெரிந்தது. உள்ளே விரல் இருக்கிறதாம் என்றார்கள், ஏதோ மேடு பள்ளம் என்றார்கள். சுப்பண்ணன் கல்லின் கிட்டே போகவே இல்லை. "கை இருந்துட்டுப் போகட்டுமுங்க. பாலாலயம் ஆச்சு, புதுச்சாமி வண்டியேறியாச்சு. ஊர் கூடி எடுத்த முடிவு. ஒருத்தர் மனசு மாறிட்டா ஊரு மாறோணுமா? காலைல கல்லு போகோணும்" என்றார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். ஆறுச்சாமி உட்கார்ந்துவிட்டார். தான் மூட்டிய தீயை இப்போது தன்னாலேயே அணைக்க முடியவில்லை.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து மோகனப்பிரியா கேட்டாள். "ஏனுங் மாமா, ஒருக்கா மேல வந்து ஆடிப் பாக்கறீங்களா? இப்ப ஜெயிக்கலாமுங்க."

ஜெயிக்கலாம் என்ற சொல்லைக் கேட்டதும் சுப்பண்ணனின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அத்தனை நாள் தோற்ற எரிச்சல் அவருக்குள் இருந்தது. அவர் பின்னாலேயே பாதி ஊர் மாடியேறியது. படிக்கட்டு முழுக்கச் செருப்புக் குவிந்தது. கீழே அன்று தறி ஓடவில்லை.

"ஈட்டி குத்துனதும் இந்தக் கீயை அமுத்துங்க. அமுத்தினா அவரு கையப் புலி வாய்க்குள்ள உடுவாரு. நீங்க விரலை எடுத்துட்டா அவரும் எடுத்துருவாரு. அவ்வளவுதானுங்க" என்றாள் அவள்.

புலி வந்தது. சுப்பண்ணன் ஈட்டியைக் குத்தினார். கீயை அழுத்தினார். கட்டங்களால் ஆன அந்தக் கை நீண்டு புலியின் வாய்க்குள் போனது. புலி நின்றது. திரையின் மறுபக்கம் மாடுகள் நடக்கத் தொடங்கின. ஓடவில்லை, மாடு நடக்கிற நடைதான். நடக்க நடக்க அந்த ஆளின் உடம்பிலிருந்து ஒவ்வொரு கட்டமாக நிறம் போய்ச் சாம்பலானது. கை சாம்பலாயிற்று, பிறகு தோள், பிறகு மார்பு.

"சீக்கிரம் போங்க" என்று சுப்பண்ணன் மாடுகளிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியாக ஒரு கன்று நின்று நின்று போனது. அழுத்திக்கொண்டிருந்த விரலை எடுத்துவிடலாமா என்று அவர் முகம் துடித்தது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. கன்று பட்டிக்குள் போனது. திரையில் அந்த ஆள் முழுக்கச் சாம்பல் நிறமாகி, புலியோடு சேர்ந்து அசையாமல் நின்றார். வேம்படியில் நிற்கும் அதே கல்.

கட்டம் கட்டமான தமிழ் எழுத்தில் திரை கேட்டது: மறுபடியும்?

சுப்பண்ணன் விரலைக் கீயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் கண்ணு. அவரு ஒருக்காச் செஞ்சதே போதும்" என்றார். பிறகு ஆறுச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். "புதுசு வேண்ணா வெளிய காவலுக்கு நிக்கட்டுமுங்க. அந்தக் கல்லத் தூக்கிக் கெணத்துல போட என்னால முடியாதுங்க."

பந்தலிலிருந்த கும்பத்தை எடுத்துக் கல்லின் தலையில் ஊற்றுவதற்காக, கண்ணையா குவியலில் தன் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார்.